இரவல் ராக்கெட், சொந்த ராக்கெட், ஒராளின்ர ராக்கெட்

வாசகர் கேள்வி, நிலாவெளி, 6 ஜூன் 2025

அண்ணை, ராத்திரிக் கூத்தைப் பாத்தனீங்களோ? டிரம்ப் அரச ஒப்பந்தங்களை வெட்டுவன் எண்டார். மஸ்க் உடன தன்ர ஸ்பேஸ்எக்ஸ் கம்பனியின்ர டிராகன் விண்கலத்தையே நிப்பாட்டிப் போடுவன் எண்டார். பெடியள் எல்லாம் சிரிக்கிறாங்கள். நான் சொல்லுறது என்னெண்டா, என்ன சண்டை எண்டாலும் அது வீட்டுச் சண்டை. ரஷ்யாவிட்டக் கைநீட்டி நிண்டதைவிடச் சொந்த நாட்டுக் கம்பனி மேல். இதில கதைக்க வேற என்ன கிடக்கு?

6 ஜூன், மத்தியானம்

கனக்கக் கிடக்கு.

2011 ஜூலையில அமெரிக்காவின்ர கடைசி விண்வெளி ஷட்டில் இறங்கினது. பேந்து 2020 மே 30இல டிராகனில ரெண்டு பேர் போகும் வரைக்கும் அமெரிக்க மண்ணில இருந்து ஒருத்தரும் சுற்றுப்பாதைக்குப் போகேல்ல. போன அமெரிக்கர் எல்லாரும் கசகஸ்தானில இருக்கிற பைக்கனூர் ஏவுதளத்தில ரஷ்யாவின்ர சோயுஸ் ஏறித்தான் போனவை. அந்தக் காலத்துக்குள்ள கிரைமியாப் பிரச்சினை வந்தது, தடைகள் வந்தது, ரெண்டு பக்கமும் வாய்க்கு வந்தபடி ஏசினவை. ஆனா இருக்கைக்குக் காசு கட்டின அமெரிக்கரை ஏத்தமாட்டன் எண்டு சோயுஸ் நிண்டதில்லை. எதிரி நாடு, பேச்சு நாறும், வண்டி மட்டும் நேரத்துக்கு வெளிக்கிடும்.

நேற்று நடந்தது என்ன? ஆக்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோக அமெரிக்காவிட்ட இப்போதைக்கு ஓடுற ஒரே வண்டியை, ஒரு தனி ஆள், கோவத்தில, ஒரு பதிவில நிப்பாட்டுவன் எண்டார். எங்களுக்கு இங்க விடியேக்க வாபஸும் வாங்கிட்டார். சிரிக்கலாம். ஆனா ரஷ்யா வெட்டுறதெண்டால் அதுக்கொரு அரசாங்கம் கூடிக் கதைக்கவேணும், வருமானக் கணக்குப் பாக்கவேணும். இதுக்கு ஒரு கைபேசி காணும்.

வீட்டுச் சண்டை எண்டுறீங்கள் தம்பி. வீட்டுச் சண்டையிலதானே சட்டி பானை உடையுறது.

8 ஜூன்

கீழ ஒருத்தர் “ரஷ்யா விலையைக் கூட்டிக் கூட்டி உறிஞ்சினது” எண்டு எழுதியிருக்கிறார். கூடினது உண்மை. 2000களின்ர நடுவில ஒரு இருக்கை 2 கோடி டொலர் சொச்சம். 2020இல கடைசியா வாங்கினது 9 கோடி. கடைக்காரன் ஒராள்தான் எண்டால் விலையும் அவன்தான் சொல்லுவான், அதில ரஷ்யன் அமெரிக்கன் எண்டு பேதமில்லை.

ஆனா ஏன் அவ்வளவு காலம் வாங்கவேண்டி வந்தது எண்டதையும் எழுதுங்கோவன். தனியார் கம்பனிகளைக் கொண்டு ஆள் ஏத்துற கலம் கட்டுவிக்க ஒபாமா நிர்வாகம் காசு கேட்டது. 2012ஆம் நிதியாண்டுக்கு 85 கோடி டொலர் கேட்க, காங்கிரஸ் பாதியிலும் குறையத்தான் குடுத்தது. தங்கட தொகுதிகளில வேலை வைச்சிருக்கிற எஸ்எல்எஸ் எண்ட பெரிய ராக்கெட்டுக்கு மட்டும் கை தாராளம். கலம் பிந்தினது, பிந்தின ஒவ்வொரு வருசமும் மொஸ்கோவுக்குக் காசு போனது. ‘ரஷ்யனிட்டக் காசு போகுதே’ எண்டு மேடையில கத்தின வாய்களில சிலதுதான் சபையில அந்தக் காசை வெட்டினதும். இந்த வித்தை எங்கட அரசியல்வாதியளுக்கும் தண்ணிபட்ட பாடு, விளக்கத் தேவையில்லை.

நாசா செய்ததில நல்ல வேலை ஒண்டு, 2014 செப்டெம்பரில ஆள் ஏத்துற ஒப்பந்தத்தை ரெண்டு பேருக்குக் குடுத்தது. போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. ஒராளுக்குத்தான் எண்டு முடிவெடுத்திருந்தால் அது பழைய பெரிய வீடான போயிங்குக்குப் போயிருக்கும் எண்டதுதான் அப்ப கனபேரின்ர கணிப்பு. அந்தப் போயிங்கின்ர ஸ்டார்லைனரில 2024 ஜூனில சின்னப் பயணமாப் போன சுனிதா வில்லியம்ஸும் புச் வில்மோரும் 2025 மார்ச்சில டிராகனிலதான் திரும்பி வந்தவை.

9 ஜூன்

டிராம்போலின் கதையை ஆரோ கேட்டிருந்தீங்கள். 2014இல தடை வந்த கோவத்தில ரஷ்யத் துணைப் பிரதமர் ரகோசின், அமெரிக்கர் இனி டிராம்போலினில துள்ளித்தான் நிலையத்துக்குப் போகவேணும் எண்டு நக்கலடிச்சவர். 2020இல டிராகன் போனவுடன மஸ்க் அதைத் திருப்பிக் குடுத்தார். 2022இல ரகோசின் இன்னொருக்கா, இனி விளக்குமாத்தில பறக்கட்டும் எண்டார், ரஷ்யாவின்ர ஆர்டி-180 எஞ்சினைக் குடுக்கமாட்டம் எண்டதைச் சொல்ல. அமெரிக்காவின்ர அட்லஸ் 5 ராக்கெட்டுக்கு அந்த எஞ்சின்தான். ஆனா வாங்குறவை மீதி எஞ்சினை எல்லாம் 2021இலேயே இறக்கிக் களஞ்சியத்தில அடுக்கிப் போட்டினம். ஆள் வீட்டில இல்லாத நேரம் வாசலில நிண்டு ஏசின மாதிரிப் போச்சுது.

11 ஜூன்

“ரஷ்யா ஒருநாளும் வெட்டினதில்லை எண்டுறியள், வன்வெப்பை மறந்திட்டியளோ” எண்டு உவர்மலையில இருந்து ஒரு ஐயா கேட்டிருக்கிறார். ஐயா, நான் சொன்னது ஆள் ஏத்தின கதை. செய்மதி வேற கதை, அதில வெட்டினது உண்மைதான். விபரமா எழுதவேண்டிய விசயம்.

2022 மார்ச் தொடக்கம், உக்ரைன் போர் தொடங்கின கையோட. பைக்கனூரில சோயுஸ் ராக்கெட்டை ஏவுமேடையில ஏத்தியாச்சு, தலையில வன்வெப் எண்ட செய்மதி இணையக் கம்பனியின்ர 36 செய்மதி. ரஷ்யாப் பக்கம் ரெண்டு நிபந்தனை போட்டது: படைத் தேவைக்குப் பாவிக்கமாட்டம் எண்டு உத்தரவாதம், பிரித்தானிய அரசு தன்ர பங்கை விக்கவேணும். ராக்கெட்டில இருந்த வெளிநாட்டுக் கொடியளையும் மூடி மறைச்சினம், படத்தைப் பாத்திருப்பீங்கள். வன்வெப் மறுத்தது, ஏவுதல் நிண்டது, செய்மதி 36உம் அங்கேயே மாட்டுப்பட்டது.

இனித்தான் முக்கியம். அதே மாசத்துக்குள்ள வன்வெப் ஸ்பேஸ்எக்ஸோட ஒப்பந்தம் போட்டது. அதே மாதிரிச் செய்மதி இணையம் குடுக்கிற ஸ்டார்லிங்க் ஆருடையது? ஸ்பேஸ்எக்ஸினுடையது. நேரடிப் போட்டியாளனின்ர ராக்கெட்டில காசு குடுத்து ஏறினவை. மற்றப் பக்கம் இஸ்ரோவின்ர எல்விஎம்3 ராக்கெட் 2022 ஒக்டோபரில 36, 2023 மார்ச்சில 36 எண்டு கொண்டுபோய் வைச்சது. ஒரு வருசத்துக்குச் சொச்சத்தில வலையமைப்பு நிரம்பிட்டுது.

ஐரோப்பாவைப் பாருங்கோ. சொந்த ராக்கெட் வைச்சிருந்த கண்டம். சோயுஸும் இல்லை, தன்ர ஏரியான் 5 ராக்கெட் 2023 ஜூலையோட ஓய்வு, ஏரியான் 6 பிந்தி 2024 ஜூலையிலதான் எழும்பினது, சின்ன ராக்கெட் வேகா-சியும் விழுந்தது. யூக்ளிட் தொலைநோக்கியையும், ‘எங்கட சொந்த ஜிபிஎஸ்’ எண்டு மார்தட்டின கலிலியோ செய்மதியளையும் ஸ்பேஸ்எக்ஸின்ர ஃபால்கன் 9 ராக்கெட்டில அனுப்பினவை. பெருமையை விழுங்கினது கஷ்டம்தான், ஆனா ஏற ஒரு வண்டி இருந்தது. ரோசலின்ட் ஃபிராங்கிளின் எண்ட செவ்வாய் ஊர்திக்கு அந்தக் குடுப்பினையும் இல்லை. இறங்குற பொறியே ரஷ்யாவோட சேர்த்துக் கட்டினது, அப்பிடியே முடங்கினது.

14 ஜூன்

போன ஞாயிறு திருகோணமலைக் கோணேசர் கோயிலடிக்குப் போனனான். இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவடியில நிண்டு ஒரு பள்ளிக்கூடப் பெடியன் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறான், “இலங்கையின்ர முதல் செய்மதியும் இராவணன்தான், எங்கட ராக்கெட்டில போனது” எண்டு. திருத்தப் போகேல்ல, கூட வந்தவ என்னை இழுத்துக்கொண்டு போட்டா. இங்க எழுதுறன்.

ராவணா-1 ஒரு கிலோ சொச்சம் பாரம், உள்ளங்கையில வைக்கலாம். ஜப்பானின்ர கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில ரெண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் கட்டினது. 2019 ஏப்ரலில அமெரிக்காவின்ர வலொப்ஸ் ஏவுதளத்தில இருந்து அன்டாரெஸ் ராக்கெட்டில நிலையத்துக்குப் போய், ஜூனில வெளியில விடப்பட்டது. அந்த அன்டாரெஸைப் பிரிச்சுப் பாத்தால், முதல் அடுக்கின்ர உடம்பு உக்ரைனில செய்தது, எஞ்சின் ரஷ்யாவின்ர ஆர்டி-181. இலங்கைச் செய்மதி, ஜப்பான் பட்டறை, அமெரிக்கக் கம்பனி, உக்ரைன் தாங்கி, ரஷ்ய நெருப்பு. இப்ப ரஷ்யனும் உக்ரைனும் குண்டு போடுறாங்கள், அந்த ரகம் 2023 ஓகஸ்டில கடைசியாப் பறந்தது. அதின்ர சரக்குக் கலமும் இப்ப ஃபால்கன் 9இலதான் போகுது.

ஆக, அமெரிக்கன் ‘உள்நாட்டு ராக்கெட்’ எண்டு சொல்லேக்க மூடியைத் திறந்து பாக்கவேணும்.

பக்கவாட்டில ஒண்டு. புவிநிலைச் சுற்றுப்பாதையில செய்மதி வைச்சு உலகம் முழுக்கக் கதைக்கலாம் எண்டு 1945இல எழுதின ஆர்தர் சி. கிளார்க், 1956இல கோணேசர் கோயில் நிக்கிற இந்தச் சுவாமி மலைக்குக் கீழ சுழியோடி, பழைய கோயிலின்ர இடிபாட்டைக் கண்டவர். கோயிலடியில அறிவிப்புப் பலகை வைக்கிறவை இதையும் ஒரு வரி போட்டால் என்ன?

27 ஜூன்

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டார். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில பட்டாசு. நல்ல விசயம், நானும் நேரலை பாத்தனான். ஆனா கணக்கைப் பாருங்கோ: 1984இல ராகேஷ் சர்மா சோயுஸில போனார், 2025இல சுக்லா டிராகனில போறார். சுற்றுப்பாதைக்குப் போன இந்திய வீரர் ரெண்டு பேரும் இரவல் வண்டியில.

இது இந்தியாவுக்குக் குறைவு எண்டு சொல்ல வரேல்ல. எதை இரவல் வாங்குறது, எதைத் தானே கட்டுறது எண்டு பிரிச்சுப் பாக்கிற நாடு அது. அந்தப் பிரிப்பைப் படிச்சுக்குடுத்தது கிரையோஜெனிக் எஞ்சின், கடும் குளிரில திரவமாக்கின எரிபொருளில ஓடுற ராக்கெட் எஞ்சின். 1991இல சோவியத் விண்வெளி நிறுவனமான கிளவ்கொஸ்மொஸோட ஒப்பந்தம், எஞ்சினும் தொழில்நுட்பமும் சேர்த்து. 1992இல அமெரிக்கா ரெண்டு பக்கத்துக்கும் தடை போட்டது, ஏவுகணைக்குப் போகும் எண்டு சொல்லி. 1993இல ரஷ்யா பின்வாங்கி, எஞ்சின் மட்டும் தாறம், வித்தை தரமாட்டம் எண்டது. அதுக்குப் பிறகு சொந்தமாக் கட்ட எத்தினை காலம் எண்டு பாருங்கோ. 2010 ஏப்ரலில முதல் முயற்சி கடலுக்குள்ள. 2014 ஜனவரி 5இல ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் வென்றது. இருபது வருசம்.

இப்ப இஸ்ரோவுக்குத் தலைவரா இருக்கிற வி. நாராயணன் அந்தக் கிரையோஜெனிக் வேலையில ஊறின ஆள், கன்னியாகுமரிக்காரர். ‘சொந்தம்’ எண்ட சொல்லை மேடையில சொல்லுறவையை விட, அதுக்கு இருபது வருசம் குடுத்தவையிட்டத்தான் நான் காது குடுப்பன்.

அதே இந்தியா 2024 நவம்பரில 4,700 கிலோ ஜிசாட்-என்2 செய்மதியை ஃபால்கன் 9இல அனுப்பினது, தன்ர எல்விஎம்3க்கு அந்தப் பாரம் கூட எண்டதால. ஒருத்தரும் வெட்கப்படேல்ல.

4 ஜூலை

முந்தநாள் ஸ்டார்லிங்க் இலங்கையில தொடங்கிட்டுது. உரிமம் போன ஓகஸ்டிலேயே குடுத்தாச்சு. காலமையில இருந்து கடைக்கு வாறவை எல்லாம் இதைத்தான் கேக்கினம்.

தெரியாதவைக்கு: நான் கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் போட்டுகளுக்கு ரேடியோ, ஜிபிஎஸ், விஎம்எஸ் எண்ட செய்மதிக் கண்காணிப்புப் பெட்டி திருத்துற ஆள். 2015இல ஐரோப்பிய ஒன்றியம் எங்கட மீனைத் தடை செய்தது ஞாபகமோ? தடை 2016 ஜூனில எடுபட்டது, அதுக்கு எங்கட ஆக்கள் செய்ததில ஒண்டு பலநாள் போட்டில அந்த விஎம்எஸ் பெட்டி பூட்டினது. அண்டைக்கிருந்து எங்கட மீனவன் கடலுக்குப் போறதே ஆகாயத்தில ஆரோ வைச்ச சாமானை நம்பித்தான். ராக்கெட் அரசியல் எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேக்கிறவைக்கு இதுதான் என்ர பதில். பெட்டி ஒரு கிழமை பிழைச்சா ஒரு சம்மாட்டி எப்பிடிக் கத்துவார் எண்டு கேட்டுப் பாருங்கோ.

ஸ்டார்லிங்கை எதிர்க்கவேணும் எண்டு ஒரு தோழர் நீட்டி எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக் கம்பனிக்கு ஆகாயத்தை வித்தாச்சு எண்டுறார். அவருக்கு நான் எங்கட திருகோணமலைச் சீனன்குடாவைத்தான் காட்டுவன்.

99 எண்ணெய்த் தாங்கி, பிரித்தானியன் கட்டினது. 2003இல லங்கா ஐஓசி எண்ட இந்தியக் கம்பனி உள்ள வந்தது. 2022 ஜனவரியில புது ஒப்பந்தம்: 14 அவைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில 51 வீதம் எங்கட. ஊரை இந்தியாவுக்கு வித்தாச்சு எண்டு அப்பவும் கோசம். நானும் அந்தக் கூட்டத்தில ஒரு கரையில நிண்டனான். அதே வருசம் ஜூன் ஜூலையில கூட்டுத்தாபனத் தாங்கி வறண்டு நாடே வரிசையில நிக்கேக்க, எங்கட ஊர் முனையத்தில இருந்து வெளிக்கிட்ட இந்தியக் கம்பனி எண்ணெய்தான் கொஞ்சமெண்டாலும் ஓடினது. கோசம் போட்டவையில கனபேரை அந்த வரிசையில கண்டனான், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கேல்ல.

அதுக்காக அந்த ஒப்பந்தம் தங்கம் எண்டு சொல்லேல்ல. ரெண்டு தாங்கி, ரெண்டு கை இருந்தது, ஒண்டு வறள மற்றது ஓடினது. இந்தியன் மட்டும் வைச்சிருந்தால் இன்னொரு நாள் வேற மாதிரி வரிசை. ஸ்டார்லிங்கிலயும் நான் கேக்கிறது அதுதான்: ரெண்டாவது ஆர்? உரிமம் குடுக்கிற பேனை எங்கட கையில இருக்கு. அலைவரிசை எங்கட. வேற ஒண்டும் இல்லாத நாட்டுக்கு அது சின்னச் சாமான் இல்லை.

5 ஜூலை

தோழர், இல்லை, நான் இந்தியாவின்ர ஆளும் இல்லை, சீனாவின்ர ஆளும் இல்லை. 2012 நவம்பரில சுப்ரீம்சாட் எண்ட ‘இலங்கைச் செய்மதி’ சீன ராக்கெட்டில போனதுக்கும் இங்க வெடி கொளுத்தினவை. அது சைனாசாட்-12, பிரெஞ்சு-இத்தாலியக் கம்பனி கட்டின செய்மதி, அதில ஒரு பங்குக்குத்தான் எங்கட பேர். வெடி கொளுத்தினவையிட்டக் கேளுங்கோ.

17 ஜூலை

இதை வாசிச்சுச் சிரிச்சே களைச்சுப்போனன். ஸ்டார்லிங்குக்குப் போட்டி எண்டு அமேசான் கட்டுற கைப்பர். ஏப்ரலில முதல் 27 செய்மதி போனது அட்லஸ் 5இல, அதாவது களஞ்சியத்தில இருந்த ரஷ்ய எஞ்சினில. இப்ப 24 போயிருக்கிறது ஃபால்கன் 9இல, மஸ்க்குக்கே காசு கட்டி. அமேசானைத் தொடங்கின பெசோஸிட்டச் சொந்தமா ஒரு ராக்கெட் கம்பனியே இருக்கு. காசும் கம்பனியும் உள்ள மனுசனுக்கே இந்த நிலைமை எண்டால், வெளிநாடா உள்நாடா எண்ட கேள்வியைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கோ. இண்டைக்கு நேரத்துக்குப் பறக்கிறது ஆர் எண்டதுதான் சந்தையில விலை.

இதில எனக்குப் பிடிக்காத பக்கமும் இருக்கு. எல்லாரும் கடைசியில ஒரு வாசலுக்குத்தான் வந்து நிக்கினம்: வன்வெப், ஐரோப்பா, அமேசான், இந்தியா, நாசா. ஜூன் 11ஆம் தேதி நான் ‘ஏற ஒரு வண்டி இருந்தது’ எண்டு லேசா எழுதினன். அந்த வண்டியும் அதே வண்டிதான் எண்டதை இப்ப அடுத்தடுத்து எழுதிப் பாக்கேக்கதான் உறைக்குது.

25 ஜூலை

ராத்திரி பன்னிரண்டரை போல ஸ்டார்லிங்க் உலகம் முழுக்க விழுந்தது, ரெண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. உள்ளக மென்பொருள் பிழை எண்டு கம்பனி சொல்லுது. ராக்கெட்டும் இல்லை, அரசியலும் இல்லை. இங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது, நித்திரை. உக்ரைன் போர்முனையில தெரிஞ்சது.

31 ஜூலை

நேற்றுப் பின்னேரம் 5.40க்கு ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து நைசார் போனது. உப்புவெளிக் கடற்கரையில நிண்டு பாத்தம், மேகம், ஒண்டும் தெரியேல்ல, கடலை மட்டும் முடிஞ்சுது. கடலால 600 கிலோமீற்றருக்குள்ளதான்.

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டின ராடார் செய்மதி, 2,392 கிலோ. ஏத்தினது ஜிஎஸ்எல்வி-எஃப்16, மேலடுக்கு இந்தியாவின்ர சொந்தக் கிரையோஜெனிக். 1992இல ‘உனக்கு உந்த எஞ்சின் கூடாது’ எண்டு தடை போட்ட நாடு, 2025இல தன்ர விலை கூடின ராடாரை அந்த எஞ்சின்ர தலையில வைச்சு அனுப்புது. ஜூன் 27ஆம் தேதிக் குறிப்பை இதோட சேர்த்து வாசியுங்கோ.

‘எங்களுக்கும் இந்த ராக்கெட்டுக்கும் என்ன’ எண்டு ஒருத்தர். கன தொடர்பு. தெற்கால துருவப் பாதைக்குப் போற ராக்கெட் நேரா வெளிக்கிட்டால் எங்கட தலைக்கு மேலால போகவேணும். அதால ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து இஸ்ரோவின்ர பிஎஸ்எல்வி ராக்கெட் முதல் கிழக்கால சரிஞ்சு போய், இலங்கையைக் கடந்த பிறகுதான் திரும்பும். அந்த வளைவுக்கு எரிபொருள் போகுது, தூக்கிற பாரம் குறையுது. சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நட்டம், அதாலதான் தூத்துக்குடி மாவட்டத்தில குலசேகரப்பட்டினத்தில புது ஏவுதளம், 2024 பெப்ரவரியில அடிக்கல். அங்க இருந்து நேரா தெற்கு, கீழ வெறும் கடல். ஒண்டும் செய்யாமல் சும்மா கிடந்தே இந்தியாவுக்கு ஒரு ஏவுதளம் கட்டவைச்ச நாடு நாங்கள்.

அக்னிகுல், ஸ்கைரூட் மாதிரித் தனியார் பெடியளும் இனி வருவினம். அக்னிகுல் சென்னை ஐஐடியில முளைச்சது, 2024 மேயில ஒரே துண்டா முப்பரிமாண அச்சில எடுத்த எஞ்சினோட ஸ்ரீஹரிகோட்டாவில சோதனை ஏவுதல் செய்தவை. சுற்றுப்பாதைக்கு இன்னும் போகேல்ல. இஸ்ரோவும் மே 18இல பிஎஸ்எல்வி-சி61ஐ மூண்டாம் அடுக்கில இழந்தது. இஸ்ரோவுக்குப் பக்கத்தில இன்னும் ரெண்டு மூண்டு பேர் ஏவினால், இந்தக் கரையில இருக்கிற எங்களுக்கும் நல்லது. மீன்பிடிப் போட்டுக்காரர் மட்டும் கடல் எச்சரிக்கையை ஒழுங்காக் கேட்டு நடக்கவேணும். ஏவுற நாளில விழுற பகுதிக்குப் போகாதேங்கோ எண்டு சொன்னால், அங்கதான் மீன் எண்டு போற ஆக்களும் இருக்கினம்.

2 ஓகஸ்ட்

கடைசியா முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்து, “அப்ப திருகோணமலையில ஒரு ஏவுதளம் போட்டால் என்ன, ஸ்ரீஹரிகோட்டாவை விட நாங்கள் பூமத்தியரேகைக்குக் கிட்ட, கிழக்கால திறந்த கடல்” எண்டு கேக்கிறார். இடம் எண்டு பாத்தால் அச்சா இடம், அதில எனக்கு மறுப்பில்லை.

ஆனா 1987 இந்திய இலங்கை உடன்பாட்டோட மாறின கடிதங்களில திருகோணமலைத் துறைமுகத்துக்கும் தாங்கிகளுக்கும் தனியா வரி இருக்கு: இந்தியாவின்ர நலனுக்கு விரோதமா எந்த நாட்டின்ர படைத் தேவைக்கும் துறைமுகத்தைக் குடுக்கக்கூடாது, தாங்கியைத் திருத்துறது ரெண்டு நாடும் சேர்ந்து. ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் வித்தியாசம் தலையில வைக்கிற சாமான்தான், 1992 தடையும் அதைச் சொல்லித்தான் வந்தது. சீனன் வந்தால் டெல்லி குழம்பும், இந்தியன் வந்தால் கொழும்பு குழம்பும், அமெரிக்கன் வந்தால் ரெண்டும் சேர்ந்து குழம்பும்.

அதோட அந்தக் கடிதத்தில சொன்ன தாங்கிகளில முக்கால்வாசி இன்னும் பற்றைக்குள்ள, மேல மரம் முளைச்சுக் கிடக்கு. இந்த ஏப்ரலில ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து மூண்டு நாடு புதுசாக் கையெழுத்து வைச்சிருக்கினம். முதல் பற்றையை வெட்டட்டும் தம்பி, ராக்கெட்டைப் பேந்து பாப்பம்.